இரட்டைக்குழலை ஒளித்து வைத்துப் பரிசளிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பழம்பொருட்களை உறவினர்களுக்குப் பரிசளிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கடிகாரம், பேனா, கிராமபோன் வரைக்கும் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. அதற்குப் பிறகு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கட்டுரையாளர் மூன்று விஷயம் பார்த்து வாங்கச் சொல்கிறார். பக்கத் தகட்டில் நல்ல செதுக்கு வேலை, மேலே பேர்பெற்ற தயாரிப்பாளரின் பெயர், குழலில் தமாஸ்கஸ் எனப்படும் சுருள் வரி. அப்புறம், ‘12 போர் தோட்டா எங்கும் கிடைக்கும், பழைய துப்பாக்கியிலும் தாராளமாகப் போகும்’ என்று ஒரு வரி. முன்கூட்டியே சொல்லாமல் கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் வாங்குகிறவர் முகத்தில் தெரியும் சந்தோஷமே தனி என்று முடிக்கிறார்.

இதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தாய்மாமாவுக்கு எழுபது வயது நிறைந்த சமயம். எனக்குக் குறி பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். இப்போதும் வாரம் தவறாமல் போய், பறக்கவிடும் களிமண் தட்டைக் குறி பார்த்துச் சுடுகிறவர். இளவயதில் அவரிடம் பக்கம் பக்கமாகக் குழல் வைத்த ஒரு டபுள் பேரல் இருந்தது. பணமுடை வந்தபோது அதை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு மேலும் கீழுமாகக் குழல் அமைந்த புதுத் துப்பாக்கிதான் வைத்திருந்தார். பேச்சு வரும்போதெல்லாம் பழையதைப் பற்றிச் சொல்லி, ‘அது கையில உக்காந்த மாதிரி இது உக்காரலடா’ என்பார். அது என் மனதில் கிடந்தது. என்னிடமும் உரிமம் இருந்ததால் தேடத் தொடங்கினேன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன், வெட்கம் அதில்தான் இருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் லேத் பட்டறையில் இருந்தவன். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் இல்லாமல் ஒரு பொருளைக் கையில் வாங்கமாட்டேன். அப்படிப்பட்டவன் அந்தத் துப்பாக்கியை மட்டும் கண்ணாலேயே அளந்து வாங்கினேன். குழல் முழுக்கச் சுருள் சுருளாகப் பழுப்பும் வெள்ளியுமாக வரி ஓடியது. வெளியே குதிரை, அதாவது விசையை அழுத்தினால் அடிக்கும் சுத்தி, வைத்த மாடல். இரண்டு குதிரையும் அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்திருந்தன. தகட்டில் ஒரு நாயும் இரண்டு பறவையும். விற்றவரிடம் தோட்டா எது போடலாம் என்று கேட்டதற்கு, ‘12 போர்னா எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்றார். புதுத் தோட்டா ஒரு பெட்டியும் சேர்த்தே வாங்கினேன். கட்டுரையாளர் சொல்வது போல ஒரு வார்த்தை முன்னால் சொல்லாமல், துணியில் சுற்றிக் கொண்டுபோய் மாமாவின் மேசைமேல் வைத்தேன்.

முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, அதை இல்லை என்று சொல்லமாட்டேன். மாமா எடுத்ததும் நெம்புகோலைத் தள்ளித் திறந்து, இரண்டு தோட்டா அறையும் காலி என்று பார்த்தார். விரலையும் விட்டுப் பார்த்தார். மூடினார். தோளுக்குக் கொண்டுபோனார். இடது தோளுக்கு.

எனக்குச் சுருக்கென்றது. சில வருடம் முன்னால் வலது கண்ணில் பார்வை மங்கிய பிறகு மாமா இடது தோளுக்கு மாறிக்கொண்டது எனக்குத் தெரியும். கூடவே நின்று பார்த்திருக்கிறேன். வாங்கும்போது அது நினைவுக்கே வரவில்லை. வலது கைக்காரருக்குச் செய்த துப்பாக்கியில், தோளில் வைக்கும் மரக்கட்டை நேராக இருக்காது. கண்ணுக்கு நேரே குழல் வரவேண்டும் என்பதற்காக லேசாக வலப்பக்கம் ஒதுக்கி வளைத்திருப்பார்கள். அதை இடது தோளில் வைத்தால் எல்லாம் தலைகீழ். மாமா கன்னத்தைக் கட்டைமேல் அழுத்தி, கழுத்தைத் திருப்பி, மறுபடி அழுத்தி, இறக்கி வைத்துவிட்டார். ‘குழல் வேற எங்கேயோ போகுதுடா’ என்றார்.

பரவாயில்லை, கட்டையைச் சரி செய்துகொள்ளலாம், முதலில் நாலு தட்டு சுட்டுப் பாருங்கள் என்று தோட்டாப் பெட்டியை நீட்டினேன். பெட்டியின் ஓரத்தில் 70 என்று அச்சடித்திருந்ததை மாமா பார்த்தார். ஒன்றும் பேசாமல், குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றினார், குழல்களைத் தனியே பிரித்தார், திருப்பி அடிப்பக்கத்தை என்னிடம் காட்டினார். ‘இங்க என்ன எழுதியிருக்கு, படிச்சியா?’

படிக்கவில்லை. அங்கேதான் எல்லாம் எழுதியிருந்தது.

கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம் இதுதான், புரூஃப் முத்திரை. புதுக் குழலில் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டுச் சுட்டு, தாங்கினால்தான் முத்திரை அடிப்பார்கள். லண்டனில் துப்பாக்கி செய்வோர் கம்பெனிக்கு 1637-இல் சாசனம் கிடைத்தது. பர்மிங்காமின் புரூஃப் ஹவுஸ், அதாவது இந்தச் சோதனை நடக்கும் இடம், 1813-இல் சட்டத்தின் மூலம் ஏற்பட்டது. பெல்ஜியத்தில் லியேஜ் நகர முத்திரை, முட்டை வடிவத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள். அமெரிக்காவில் அரசு நடத்தும் புரூஃப் ஹவுஸ் கிடையாது, தயாரிப்பாளரின் பேச்சுதான். முத்திரைகள் காலத்துக்குக் காலம் மாறியதால் அவற்றைக் கொண்டே துப்பாக்கியின் வயதைச் சொல்லிவிடலாம்.

நான் வாங்கியதில் ‘நாட் ஃபார் பால்’ என்று அடித்திருந்தது. முனை குறுக்கிய குழல், ஒற்றைக் குண்டு போட்டுச் சுடாதே என்று பொருள். இங்கிலாந்தில் அந்த வாசகத்தை 1875-இலிருந்து 1887 வரைதான் அடித்தார்கள். ஆகவே துப்பாக்கிக்கு வயது நூற்றுமுப்பதுக்கு மேல். கருமருந்துக் காலத்துப் பொருள். புகையில்லா மருந்துக்குத் தனியாகச் சோதித்த அடையாளமாக, பர்மிங்காமில் 1904-க்குப் பிறகு கிரீடத்துக்குக் கீழே என்.பி. என்று அடிப்பார்கள். என்னுடையதில் அதுவும் இல்லை, பின்னாளில் மறுபடி சோதித்த வேறு எந்த அடையாளமும் இல்லை. அதாவது இன்றைய மருந்தை இந்தக் குழல் தாங்கும் என்று யாரும் எப்போதும் சோதித்து முத்திரை போட்டதில்லை.

அடுத்தது அந்த 70. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கட்டுரையின் ‘தாராளமாகப் போகும்’ என்ற சொல்லில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. போகும்தான். 12 போர் என்பது குழலின் அகலத்துக்கு மட்டும்தான் பேர். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு அகலமோ அதுதான் துளை, .729 அங்குலம், கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர். தோட்டா அறையின் நீளம் வேறு கணக்கு. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், மில்லிமீட்டர் கணக்கில் அதை 65 என்று குறிப்பிடுவார்கள். இப்போது சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டா 70 மில்லிமீட்டர். ஆனால் அந்த எழுபது, சுட்டு முடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். சுடுவதற்கு முன் வாயைப் பூப்போல மடித்திருப்பதால் குட்டையாக இருக்கும். 65 அறைக்குள் தடையில்லாமல் உட்காரும், மூடியும் கொள்ளும். விசையை அழுத்திய பிறகுதான் மடிப்பு விரிய இடமில்லாமல், அறை குறுகும் இடத்தில் போய் நெருக்கும். சின்னக் குண்டுகளான ரவையும் அதற்குப் பின்னால் வைத்த அடைப்பும் அந்த நெருக்கடிக்குள் பிதுங்கித்தான் வெளியேற வேண்டும். அழுத்தம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பது தோட்டாவைப் பொறுத்தது. கருமருந்துக்கு மட்டும் சோதித்த ஒரு கிழட்டுக் குழலில் அந்தப் பரீட்சை எதற்கு?

மாமா தோட்டாப் பெட்டியை மூடி, என் பக்கம் நகர்த்தி வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் பட்டறைக்குப் போய்ப் பித்தளையில் ஒரு அளவுமுளை கடைந்தேன். அறைக்குள் இறங்கி, குறுகும் இடத்தில் முட்டி நிற்கும்படி. நின்ற இடத்தில் கோடு போட்டு அளந்தால் 65. பட்டறையில் இருந்த துளை மைக்ரோமீட்டரையும் உள்ளே விட்டேன். அடிப்பக்கத்தில் துளை 13 என்று அடித்திருந்தது. அந்தக் கால அட்டவணைப்படி அது .710 அங்குலம். என் அளவில் வந்தது .731. யாரோ ஒருவர் துருக்குழியை மறைக்கக் குழலை உள்ளே தேய்த்து எடுத்திருக்கிறார். பளபளவென்று இருக்கிறதே என்று நான் மயங்கிய பளபளப்பு அதுதான். சுவர்க் கனம் ஓரிடத்தில் அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு. மிக மெல்லிய இடத்திலாவது 20 இருக்கவேண்டும் என்பது இங்கிலாந்துத் தொழில்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. விற்றவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ‘நீங்க பார்த்துத்தானே சார் வாங்கினீங்க’ என்றார். திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதிலும் தப்பில்லைதான், பார்த்துத்தான் வாங்கினேன்.

தமாஸ்கஸ் என்றாலே வெடித்துவிடும் என்று இன்னொரு பக்கம் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் மிகைதான். இரும்பையும் எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி, முறுக்கி, பட்டையாக்கி, தண்டின்மேல் சுற்றிக் காய்ச்சி அடித்து ஒட்டிய குழல் அது. நல்ல கைவேலை. புகையில்லா மருந்துச் சோதனையில் தேறிய தமாஸ்கஸ் குழல்களும் இருக்கின்றன. பிரச்சினை வரியில் இல்லை, உள்ளே ஒட்டாமல் விட்டுப்போன இடமோ மறைந்திருக்கும் துருவோ கண்ணுக்குத் தெரியாது என்பதில். இதில் வேடிக்கை, சாதா எஃகுக் குழல்மேல் அமிலத்தால் வரி வரைந்து தமாஸ்கஸ் என்று விற்றதும் அந்தக் காலத்திலேயே நடந்திருக்கிறது. ஆகவே வரியைப் பார்த்து வாங்கு என்ற யோசனையால் எந்தப் பக்கமும் பயனில்லை.

பெயரும் அப்படித்தான். பர்மிங்காம் பட்டறைகள் ஊர் ஊராக இருந்த கடைகளுக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தன, மேலே கடைக்காரர் பெயர் இருக்கும். பெல்ஜியத்திலிருந்து வந்த மலிவு ரகங்களில் ஆங்கிலத் தயாரிப்பாளர் பெயர் போலத் தோன்றும் பெயரைப் பொறித்தார்கள். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் புகழ்பெற்ற பெயர், டபிள்யூ. ரிச்சர்ட்ஸ் என்று பொறித்த பெல்ஜியத் துப்பாக்கிகள் ஏராளம். மேலே ஆங்கிலப் பெயர், அடியில் இ.எல்.ஜி. முத்திரை. திருப்பிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். செதுக்கு வேலைக்கு ஆசைப்பட்டால், இயக்கம் உள்ளே அடங்கிய பாக்ஸ் லாக்கின் பக்கத்தில் வெறும் அலங்காரத் தகடு வைத்து, இயக்கத்தைப் பக்கத் தகட்டிலேயே பொருத்தும் சைடு லாக் போலக் காட்டியவையும் உண்டு என்பதை மனதில் வையுங்கள்.

சரி, மாமாவுக்கு என்னதான் கொடுத்தாய் என்று கேட்பீர்கள்.

இரண்டாவது தடவை மாமாவையே கூட்டிக்கொண்டு போனேன். ஆச்சரியமெல்லாம் முதல் தடவையோடு தீர்ந்துவிட்டது. துப்பாக்கி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரும் கூட வந்தார். பல நாடுகளில் வாங்கிக்கொள்கிறவர் பெயரில் உரிமமும் பதிவு மாற்றமும் இல்லாமல் துப்பாக்கி கைமாறவே கூடாது என்பதால், மாமா இல்லாமல் எப்படியும் வேலை முடியாது. முதல் தடவை நான் மேசைமேல் கொண்டுபோய் வைத்ததே முறையான காரியம் இல்லை என்று பிற்பாடு உறைத்தது. நல்லவேளை, அன்று அது என் பெயரிலேயே இருந்தது, நானும் பக்கத்திலேயே இருந்தேன், அன்றே திரும்ப எடுத்தும் வந்துவிட்டேன்.

நாலைந்து துப்பாக்கி பார்த்தோம். பெரியவர் பார்க்கும் விதமே தனி. குழல்களைப் பிரித்து, கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, மறுகை முட்டியால் தட்டுவார். ஒன்று ‘ணங்’ என்று மணிபோல இழுத்தது. இன்னொன்று உடைந்த தட்டு மாதிரி கரகரத்தது. இரண்டு குழலையும் சேர்க்கும் பட்டையில் ஈயப்பற்று விட்டிருக்கிறது என்று சொல்லி அதை அப்படியே கீழே வைத்துவிட்டார். அடுத்ததில் முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலைப் பிடித்துக்கொண்டு கட்டையை ஆட்டச் சொன்னார். மெல்லிய ‘டக்’. மூடிய பிறகும் குழலுக்கும் பின்சுவருக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தது. அதுவும் போயிற்று. ஒன்றின் குழலை ஜன்னலைப் பார்த்துப் பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். வழவழவென்று ஓடிய வெளிச்சத்தில் ஓரிடத்தில் மோதிரம் போட்ட மாதிரி நிழல். குழலில் ஏதோ அடைத்திருந்தபோது சுட்டு உப்பியிருக்கிறது. வெளியே விரலை ஓட்டினால் மட்டும் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது.

கடைசியில் எடுத்தது பார்க்கச் சாதாரணமான ஒரு பர்மிங்காம் பாக்ஸ் லாக். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் வேலை பார்த்த ஆன்சனும் டீலியும் 1875-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. உறுப்புகள் குறைவு, கோளாறும் குறைவு. செதுக்கு என்று ஓரத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். எஃகுக் குழல், 28 அங்குலம். அடியில் கிரீடமும் என்.பி.-யும், அறை நீளம் இரண்டரை என்றும் இருந்தது. அறை நீளத்தை 1925-க்குப் பிறகுதான் அடித்தார்கள், ஆகவே வயதும் ஓரளவு பிடிபட்டது. பித்தளை முளையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். இறக்கினேன், 65-இல் நின்றது. முத்திரையும் முளையும் ஒத்துப்போனதுதான் முக்கியம். சிலர் பிற்காலத்தில் அறையை எழுபதுக்குக் கடைந்து நீட்டிவிடுவார்கள், மறுபடி சோதனைக்கு அனுப்பவும் மாட்டார்கள். குழல், ஆக்ஷன் எனப்படும் இயக்கப் பகுதி, முன்கட்டை மூன்றிலும் எண் ஒன்றாக இருந்தது. சோக், அதாவது குழல் முனையின் குறுக்கம், வலக் குழலில் கால், இடக் குழலில் அரை. மாமாவின் தட்டுக்கு அது போதும்.

சுடப்பட்ட தோட்டாவைத் தானாக வெளியே வீசும் எஜெக்டர் அதில் இல்லை. லேசாக மேலே தூக்கிக் கொடுக்கும், கையால் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது குறையாகப் பட்டது. ‘குனிஞ்சு பொறுக்குற வேலை மிச்சம்’ என்று மாமா அதற்காகவே பிடித்துப்போனதாகச் சொன்னார். எடை ஆறரை பவுண்டு, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ரவையின் எடையைப் போல 96 மடங்காவது துப்பாக்கி கனக்க வேண்டும் என்று ஒரு பழைய வாய்பாடு உண்டு. மாமா போடப்போவது 28 கிராம், அதாவது ஒரு அவுன்ஸ். ஆறு பவுண்டு போதும், அரை பவுண்டு கூடவே இருக்கிறது. எழுபது வயதுத் தோளுக்கு அந்த அரை பவுண்டு நல்லது.

கட்டை இதிலும் வலப்பக்கம்தான் சாய்ந்திருந்தது, ஆனால் கொஞ்சமாக. பெரியவர் அதைச் சட்டத்தில் பூட்டி, கைப்பிடிப் பகுதியில் சூடான எண்ணெயை விட்டுவிட்டு, வால்நட் மரம் இளகியதும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி இடப்பக்கம் கொண்டுவந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், எங்கே முறிந்துவிடுமோ என்று வயிற்றைப் பிசைந்தது. ஆறியதும் மாமா கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குக் கொண்டுபோனார், கண்ணைத் திறந்தார். குழலின் நடுப்பட்டை நேரே தெரிந்தது என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மறுபடி மறுபடி தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்ததில் தெரிந்தது.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எஃகு ரவைத் தோட்டாவைப் பழைய குழலில் போடக்கூடாது, ஈயத்தைவிட அது மிகவும் கடினம். ஈய ரவைக்குத் தடை உள்ள இடங்களில் பிஸ்மத் ரவை பழைய துப்பாக்கிக்கு ஏற்றது. வெற்று அறையில் விசையை அழுத்திப் பழகவும் கூடாது, அதற்கென்று பொய்த்தோட்டா இருக்கிறது. நான் பரிசோடு அதில் ஒரு ஜோடியும், 65 மில்லிமீட்டர் தோட்டா இரண்டு பெட்டியும் வைத்துக் கொடுத்தேன்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த இணைப்பில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும். ‘தாராளமாகப் போகும்’ என்ற வரியை எடுத்துவிட்டு, முத்திரையைப் பாருங்கள், அறையை அளந்து பாருங்கள், துப்பாக்கி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள் என்று போடுங்கள். பரிசு பெறுகிறவரிடம் முன்னாலேயே சொல்லுங்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு எத்தனை மருமகன்கள் கிளம்பியிருக்கிறார்களோ.

அந்தத் தமாஸ்கஸ் இன்னும் என் பெயரில், என் இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது. சுடுவதில்லை. மாமா வீட்டுக்கு வந்தால் அதை எடுக்கச் சொல்வார். திறந்து இரண்டு அறையிலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, குழலை ஜன்னல் பக்கம் திருப்பி அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ‘அழகாத்தான்டா இருக்கு’ என்பார்.

இப்படிக்கு,
லேத் பட்டறையில் ஓய்வுபெற்ற ஒரு வாசகன்